முகவரியின் வாக்கு: மும்பைத் தமிழரும் மக்களவைத் தேர்தலும்

(மாட்டுங்காவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



2004 மே மாதம் வாக்கு எண்ணிக்கை நடந்த அன்று, மக்களவைத் தலைவர் தம் சொந்தத் தொகுதியில் தோற்றார். அவர் பெயர் மனோகர் ஜோஷி. மும்பையின் முன்னாள் மேயர். மகாராஷ்டிரத்தில் சிவசேனை கண்ட முதல் முதலமைச்சர். அவரை வீழ்த்தியவர் காங்கிரசின் ஏக்நாத் கெய்க்வாட், தாராவியிலிருந்து மூன்று முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் தலைவர். வித்தியாசம் 13,329 வாக்குகள். அன்றைக்குத் தாராவி, வட மத்திய மும்பை மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. மும்பையின் ஆறு இடங்களில் ஐந்து காங்கிரசுக்குப் போயின. நாடு முழுவதும் எண்ணி முடித்தபோது காங்கிரசுக்கு 145, பாஜகவுக்கு 138. ஏழே இடங்கள் கூடுதலாகப் பெற்ற கட்சி ஆட்சியமைத்தது.

ஜோஷியின் தோல்வியைத் தமிழ் ஓட்டின் வெற்றி என்று இன்றும் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. அந்தப் பெருமையைச் சற்று உரசிப் பார்ப்பதுதான் இந்த உரையின் வேலை. சிறுபான்மையினரின் வாக்கு தேசியத் தேர்தலின் போக்கை மாற்றுமா என்ற கேள்விக்கு உத்தரப் பிரதேசத்தையோ கேரளத்தையோ வைத்துப் பதில் தேடுவதே வழக்கம். இங்கே எடுத்துக்கொள்ளும் சான்று, நாம் உட்கார்ந்திருக்கும் இதே வட்டாரம். வாதம் இதுதான்: மும்பைத் தமிழரின் வாக்கு டெல்லிவரை எட்டியபோது, அது பெரும்பாலும் குடியிருக்கும் வீட்டைக் காப்பாற்றப் போட்ட வாக்காக இருந்தது, பக்கத்துச் சந்தின் மராத்தி தலித்தோடும் உத்தரப் பிரதேச முஸ்லிமோடும் சேர்ந்து போட்ட வாக்காக இருந்தது. மொழி மட்டும் தனியே களத்தில் இறங்கியபோது அடி வாங்கியது, அல்லது சட்டமன்றத்தோடு நின்றுகொண்டது.

1

முதலில் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 5.1 லட்சம் பேர். மாநிலத்தின் மக்கள்தொகை 11.24 கோடி. நூற்றுக்கு அரை ஆள்கூடத் தேறவில்லை.

சிறுபான்மை யார் என்பதை மாநில அளவில்தான் பார்க்க வேண்டும் என்று 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொன்னது. அந்த வகையில் தாதர் எக்ஸ்பிரஸ் ஏறி இங்கே வந்து இறங்கும் தமிழர், மொழிச் சிறுபான்மையினர் ஆகிவிடுகிறார். அரசமைப்பின் 29, 30ஆவது பிரிவுகள் அவருக்குக் கைகொடுக்கின்றன. 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளிகளும், தாராவியில் தட்சிணமாற நாடார் சங்கம் நடத்தும் காமராஜர் பள்ளியும் இந்த மண்ணில் வேரூன்றியது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிரிவுகள் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகின்றன. மொழிச் சிறுபான்மைக்குத் தனித் தொகுதி கிடையாது, ஒதுக்கீடு கிடையாது. பொதுப் பட்டியலில் ஒரு பெயர், ஒரு வாக்கு. அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொழிவாரியான எண்ணிக்கையைச் சட்டமன்றத் தொகுதி அளவில் யாரும் வெளியிடுவதில்லை. தேர்தல் நெருங்கும்போது காற்றில் பறக்கும் 'இங்கே இத்தனை லட்சம் தமிழ் ஓட்டு' என்ற கணக்கெல்லாம் சீட்டுக் கேட்பவர்கள் போடும் கணக்கு. அந்த ஓட்டுகள் முழுமையாக ஊரில் இருப்பதும் இல்லை. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடிந்தது. மும்பையில் மே 20. பள்ளி விடுமுறை. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் ரயில்களில் கால் வைக்க இடமில்லாத மாதம் அது. 14 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள் கொண்ட தென் மத்திய மும்பையில் அந்த முறை பதிவானது 53 சதவீதத்தை ஒட்டித்தான்.

2

மொழி தனியே களம் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1967 சாட்சி.

வி.கே. கிருஷ்ண மேனன் கோழிக்கோட்டுக்காரர். 1957இலும் 1962இலும் வட மும்பையிலிருந்து மக்களவைக்குப் போனவர். 1962இல் ஆச்சார்ய கிருபளானியை ஏறத்தாழ 1.45 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்தத் தேர்தலை உலகப் பத்திரிகைகள் உன்னிப்பாகக் கவனித்தன. நேருவின் நெருங்கிய நண்பர், பாதுகாப்பு அமைச்சர், இடதுசாரி என்ற அடையாளங்கள்தான் அன்று பேசப்பட்டன. அவர் மலையாளி என்பது பெரிய பேச்சாக இல்லை.

ஐந்தாண்டுகளில் எல்லாம் தலைகீழானது. சீனப் போர் மேனனின் பதவியைப் பறித்தது. 1966 ஜூன் 19 அன்று பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கினார். அதற்கு முன்பே அவருடைய 'மார்மிக்' வார இதழ், நகரத்து நிறுவனங்களில் உயர் பதவி வகிக்கும் தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டு வந்தது. தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டாற்போல ஐயர்களும் நாயர்களும் பக்கம் பக்கமாக வந்தார்கள். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்ற வேறுபாடெல்லாம் அங்கே இல்லை, எல்லோரும் மதராசிகள். 'லுங்கி ஹடாவ், புங்கி பஜாவ்' என்ற முழக்கம் அந்தக் காலத்தது. உடுப்பி ஓட்டல்கள் மீது கல் விழுந்தது.

1967 தேர்தலில் மும்பைக் காங்கிரஸ் மேனனுக்கு இடம் கொடுக்கவில்லை. வெளியாள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவர் கட்சியை விட்டு விலகி வடகிழக்கு மும்பையில் சுயேச்சையாக நின்றார். காங்கிரஸ் நிறுத்தியது முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஜி. பர்வேயை. சிவசேனை பர்வேக்காக வேலை செய்தது. மேனன் தோற்றார். வென்ற சில வாரங்களிலேயே பர்வே காலமாக, இடைத்தேர்தலில் அவருடைய சகோதரி தாரா சப்ரே நின்றார். மேனன் மறுபடியும் நின்று மறுபடியும் தோற்றார். பிறகு அவர் மேதினிபூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்தான் மக்களவைக்குத் திரும்ப முடிந்தது. அதே 1967 பிப்ரவரியில்தான் சென்னையில் அண்ணாவின் திமுக கோட்டையைப் பிடித்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். ஒரே மாதம், ஒரே தேர்தல். அங்கே தமிழ் அரசாளப் புறப்பட்டது. இங்கே தமிழ்க் கடைகள் ஷட்டரை இறக்கின.

பத்தாண்டு கழித்து, 1977இல், அதே வடகிழக்கு மும்பை மயிலாப்பூரில் பிறந்த ஒரு தமிழரை ஜனதா கட்சியின் பெயரில் டெல்லிக்கு அனுப்பியது. சுப்பிரமணியன் சுவாமி. 1980இல் இந்திரா அலை நாடெங்கும் வீசியபோதும் அவர் அதே தொகுதியில் வென்றார். மேனனைத் துரத்திய ஊர் சுவாமியை ஏன் ஏற்றது? 1977இல் நகரத்தின் ஆறு இடங்களும் காங்கிரசுக்கு எதிராகப் போயின. நெருக்கடி நிலைக்கு எதிரான கோபத்தில் வேட்பாளரின் தாய்மொழி அடிபட்டுப் போனது. மொழி ஒரு வாக்காளரின் மனத்தில் எப்போதும் ஒரே எடையில் இருப்பதில்லை என்பதற்கு இந்த இரண்டு தேர்தல்களே போதும்.

3

இனி உரையின் மையத்துக்கு வருவோம். மும்பையின் குடிசைவாசிக்கு வாக்காளர் பட்டியல் என்பது வேறெந்த ஊரிலும் இல்லாத ஒரு பொருளைக் கொண்டது. அது அவருடைய வீட்டுப் பத்திரம்.

1976இல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து, குடும்பத்தோடு எடுத்த படத்தை ஒட்டிய போட்டோபாஸ் வழங்கியது. அதே ஆண்டு மே மாதம், நெருக்கடி நிலையின் நடுவில், டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி பெயர்க்கப்பட்டது. பல்லாயிரம் பேர், அவர்களில் கணிசமானோர் தமிழ் இந்துக்களும் தமிழ் முஸ்லிம்களும், சீத்தா கேம்ப்பின் சதுப்பு நிலத்தில் கொண்டு வந்து இறக்கப்பட்டார்கள். அதை எதிர்த்து டெல்லிவரை போய்ப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜாக்கின் அற்புதம். பின்னாளில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவராக உலகம் அறிந்தவர். 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர். அவருடைய அமைப்பு தமிழர் சங்கமாக வளரவில்லை. எந்த மொழிக்காரராக இருந்தாலும் வீடு இடிபட்டவர் என்ற ஒரே தகுதிதான் அங்கே கேட்கப்பட்டது. பொது எதிரி புல்டோசர்.

1981 ஜூலையில் முதலமைச்சர் அந்துலே, நடைபாதையில் வசிப்பவர்களை எல்லாம் அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். சேலம் மாவட்டத்தில் வறட்சியால் வேலை இழந்து இங்கே வந்த ஒரு தொழிலாளியின் குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றி சேலத்துக்கு அனுப்பப்பட்டார். பிழைக்க வழியில்லாமல் அவர் திரும்பி வந்தார். உச்ச நீதிமன்றத்தில் 1985இல் தீர்ப்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கின் மனுதாரர்களில் அவரும் ஒருவர். வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று இந்தியச் சட்டக் கல்லூரிகள் எல்லாம் பாடம் நடத்தும் தீர்ப்புக்குள் ஒரு சேலத்துக்காரரின் வரலாறு இருக்கிறது.

இடிக்காமல் விட வேண்டிய குடிசை எது என்பதை முடிவு செய்ய ஒரு தேதி வேண்டியிருந்தது. 1976, 1980, 1985 என்று நகர்ந்து வந்த அந்தத் தேதி, 1995 ஜனவரி 1இல் நின்றது. சான்று என்ன? அந்தத் தேதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது. பெயர் இருந்தால் தகுதி உண்டு. இல்லாவிட்டால் குடிசையோடு ஆளையும் அகற்றலாம். 1995 சட்டமன்றத் தேர்தலில் 40 லட்சம் பேருக்கு இலவச வீடு என்று சிவசேனை சொன்னது. அந்த ஆண்டு, மதராசிகளை விரட்டுவோம் என்று பிறந்த அதே கட்சி, தாராவியில் பாபுராவ் மானே மூலம் வென்றது. ஆட்சிக்கு வந்ததும் குடிசை மறுவாழ்வு ஆணையத்தை அமைத்தது. 2004 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் கூட்டணி, தேதியை 2000க்கு நகர்த்துவோம் என்றது. வென்ற சில வாரங்களில், விலாஸ்ராவ் தேஷ்முக் ஆட்சியில், பல்லாயிரம் குடிசைகள் இடித்துத் தள்ளப்பட்டன. 2000 என்ற தேதி சட்டமானது 2014இல், இன்னொரு தேர்தல் ஆண்டில்.

இந்தத் தேதிகளையும் தேர்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், குடிசைப் பகுதியின் வாக்குச்சாவடிகளில் ஏன் வரிசை நீள்கிறது என்பது விளங்கும். மாட்டுங்காவின் மூன்றாம் மாடியில் இருப்பவர் வாக்களிக்காமல் விட்டால் ஒரு கடமை தவறும். தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால் சந்தில் இருப்பவர் பட்டியலிலிருந்து விடுபட்டால் வீடு போகும்.

பட்டியல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் உலகம் ஏற்கெனவே ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1947 இலங்கைத் தேர்தலில் மலையகத் தமிழர்கள் தேயிலைத் தோட்ட மாவட்டங்களிலிருந்து தங்கள் சொந்தப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இடதுசாரிகளுக்கும் அவர்கள் வாக்கு துணை நின்றது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் பெரும்பாலோரைப் பட்டியலிலிருந்து நீக்கின. 1952 தேர்தலில் மலையகத்துக்குக் குரல் இல்லை. ஒரு சிறுபான்மையின் வாக்கைத் தோற்கடிக்க அதைவிட உறுதியான வழி எந்தக் கட்சிக்கும் கிடைத்ததில்லை.

4

'தமிழ் ஓட்டு' என்று ஒருமையில் பேசுவது இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. அவையில் இருப்பவர்கள் கோபிக்கக் கூடாது. தாராவியும் மாட்டுங்காவும் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருந்தாலும் வாக்குப் பெட்டியில் வெகு தூரத்தில் இருக்கின்றன.

தாராவிக்குத் தமிழர் வந்தது தோல் தொழிலுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம் வியாபாரிகளும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் தோல் பதனிடும் பட்டறைகளோடு இங்கே குடியேறினார்கள். நாடார்கள் பின்னால் வந்தார்கள். மாட்டுங்காவுக்கு வந்தவர்கள் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கணக்கும் தெரிந்து அலுவலகங்களில் அமர்ந்தவர்கள். ஆஸ்திக சமாஜமும், சயானில் சண்முகானந்தா அரங்கமும், செம்பூரில் நுண்கலைச் சபையும் அவர்கள் எழுப்பியவை. 2008 தொகுதிச் சீரமைப்பில் கரைந்துபோகும் முன் மாட்டுங்கா என்றே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. அங்கே தொடர்ந்து மூன்று முறை வென்றவர் பாஜகவின் சந்திரகாந்தா கோயல், இன்றைய ஒன்றிய அமைச்சர் பியூஷ் கோயலின் தாயார். அந்த நாட்களில் ஒரு மைல் தள்ளித் தாராவியில், 1995 தேர்தல் நீங்கலாக, கெய்க்வாட் குடும்பம் காங்கிரஸ் கொடியைப் பிடித்திருந்தது. மும்பையின் தமிழ் அரசியலை மொழியை வைத்துப் படிப்பவர்கள் இந்த ஒரு மைலை விளக்க முடியாது. சாதியை, மதத்தை, வாடகைச் சீட்டை வைத்துப் படித்தால் விளக்கலாம்.

தமிழர் என்ற அடையாளத்தோடு வென்ற ஒருவர் இருக்கிறாரே என்று கேட்பீர்கள். இருக்கிறார். கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன், புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 2008 நவம்பர் 26 அன்று பயங்கரவாதத் தாக்குதலின்போது சி.எஸ்.டி. நிலையத்தில் குண்டடி பட்டவர்களைத் தூக்கிப் போய்க் காப்பாற்றியதால் நகரம் அறிந்தவர். 2014 முதல் மூன்று முறை சயான் கோலிவாடாவின் பாஜக எம்.எல்.ஏ. முதல் வெற்றியின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 3,738 வாக்குகள். அந்த ஆண்டு பாஜகவும் சிவசேனையும் பிரிந்து நின்றன; காங்கிரசும் தேசியவாத காங்கிரசும் பிரிந்து நின்றன. நான்கு பெரிய கட்சிகள் ஓட்டைப் பங்கு போட்டதில் ஒரு தமிழருக்கு வழி திறந்தது. உள்ளே நுழைந்த பிறகு நிலைத்து நின்றது அவருடைய உழைப்பு. 2019இல் வித்தியாசம் 13,951. 2024 நவம்பரில் 7,895. அங்கே பஞ்சாபிகள், மராத்தியர், முஸ்லிம்கள் எல்லோரும் இருக்கிறார்கள். தமிழ் வாக்கை மட்டும் வைத்து அந்தத் தொகுதியில் யாரும் வெல்ல முடியாது.

2024 மே மாத மக்களவைத் தேர்தல் இந்தப் பிளவை ஒரே தொகுதிக்குள் படம் போட்டுக் காட்டியது. இன்றைய தென் மத்திய மும்பையில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: அணுசக்தி நகர், செம்பூர், தாராவி, சயான் கோலிவாடா, வடாலா, மாஹிம். 2022இல் இரண்டாக உடைந்த சிவசேனையில் உத்தவ் தாக்கரே தரப்பின் அனில் தேசாய், ஷிண்டே தரப்பின் ராகுல் ஷேவாலேயை 53,384 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தாராவியில் மட்டும் தேசாய்க்குக் கிடைத்த முன்னிலை 35,000ஐத் தாண்டியது. அடுத்த பெரிய முன்னிலை அணுசக்தி நகரில், சீத்தா கேம்ப் இருக்கும் பகுதியில். சயான் கோலிவாடாவிலும் மாஹிமிலும் முந்தியவர் ஷேவாலே. ஒரே நாள், ஒரே மக்களவைத் தொகுதி. தமிழர் செறிந்த இரண்டு சட்டமன்றப் பகுதிகள் எதிரெதிர்த் திசையில் போயின.

5

அப்படியானால் தாராவியின் முன்னிலைக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? எதிரே இருந்த பெரும்பான்மை இரண்டாகப் பிரிந்ததிலிருந்து.

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல்கள் இதை ஒரு நாட்டையே ஒற்றைத் தொகுதியாக வைத்துக் காட்டுகின்றன. 2005இல் விடுதலைப் புலிகளின் அழைப்பால் வடக்கு வாக்களிக்காமல் இருந்தது. மகிந்த ராஜபக்ச, ரணில் விக்கிரமசிங்கவை 1.8 லட்சம் வாக்குகளில் முந்தினார். 2015இல் சிங்கள வாக்கு பிளந்தது. தமிழரும் முஸ்லிம்களும் மைத்திரிபால சிறிசேனவின் பக்கம் திரண்டார்கள். ராஜபக்ச வீட்டுக்குப் போனார். 2019இல் அதே தமிழரும் முஸ்லிம்களும் சஜித் பிரேமதாசவுக்கு இன்னும் கெட்டியாக வாக்களித்தார்கள். பயனில்லை. சிங்கள வாக்கு கோத்தபய ராஜபக்சவிடம் குவிந்து அவர் 52.25 சதவீதத்தோடு வென்றார். சிறுபான்மையினர் 2015இல் செய்ததையே 2019இலும் செய்தார்கள், மாறியது பெரும்பான்மை.

மும்பையில் 2014இலும் 2019இலும் தாராவி காங்கிரசோடுதான் நின்றது. வர்ஷா கெய்க்வாட் இரண்டு முறையும் சட்டமன்றத் தொகுதியைத் தக்கவைத்தார். ஆனால் மக்களவையில் அவருடைய தந்தை ஏக்நாத் கெய்க்வாட் இரண்டு முறையும் ராகுல் ஷேவாலேயிடம் தோற்றார். சேனையும் பாஜகவும் சேர்ந்திருந்தபோது தாராவியின் பிடிவாதம் டெல்லியை எட்டவில்லை. 2022இல் சேனை உடைந்தது. 2024இல் வில் அம்பு ஒருவர் கையில், தீப்பந்தம் இன்னொருவர் கையில். காங்கிரஸ் ஆசைப்பட்ட தொகுதி, கூட்டணிப் பேச்சில் உத்தவ் தரப்புக்குப் போனது. தலைமுறையாகக் கைச்சின்னத்தில் குத்திப் பழகிய தாராவி, தீப்பந்தத்தைத் தேடிக் குத்தியது. 1967இல் மேனனுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய கட்சியின் வாரிசு ஒருவர், தாராவித் தமிழரும் போட்ட வாக்கில் நாடாளுமன்றம் போனார். சிலருக்கு இது கசக்கும். தாராவிக்காரர்கள் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்களுடைய கேள்வி வேறாக இருந்தது: இந்த நிலம் யார் கைக்குப் போகிறது?

2022 நவம்பரில் தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்கு அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்பில் வென்றிருந்தது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறிடத்தில், பணம் கட்டி. மறுபடியும் அந்தத் தேதி. மறுபடியும் அந்தப் பட்டியல். மக்களவைத் தேர்தலுக்கு ஆறு மாதம் கழித்து, 2024 நவம்பரில் மாநிலமே ஆளுங்கூட்டணியின் பக்கம் சாய்ந்தபோதும், அணுசக்தி நகரும் செம்பூரும் அந்தப் பக்கம் போனபோதும், தாராவி காங்கிரசின் ஜோதி கெய்க்வாட்டை 23,459 வாக்கு வித்தியாசத்தில் வெல்ல வைத்தது.

மொழி முற்றாக ஓய்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. 2026 ஜனவரி மாநகராட்சித் தேர்தலுக்குப் பிரசாரத்துக்கு வந்த பாஜகவின் அண்ணாமலை, மும்பையை உலக நகரம் என்று சொன்னதும் ராஜ் தாக்கரே மேடையில் அவரைக் கேலி செய்து, பழைய லுங்கி முழக்கத்தை நினைவுபடுத்தினார். அறுபது ஆண்டுக்குப் பிறகும் அது அலமாரியில் துடைத்து வைத்தபடிதான் இருக்கிறது.

6

கொஞ்சம் தொழில்நுட்பம். சிறுபான்மை வாக்கின் மேல் கட்சிகளுக்கு வந்திருக்கும் பிடி, எண்ணும் முறையிலிருந்து வந்தது. வாக்குச்சீட்டுக் காலத்தில், தேர்தல் ஆணையம் தேவை என்று கருதும் இடங்களில், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்த பிறகுதான் எண்ணுவார்கள். எந்தச் சந்து யாருக்குப் போட்டது என்பது மூடியிருக்கும். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் மின்னணு இயந்திரம் வந்தது. இயந்திரம் சாவடி வாரியாகத்தான் பேசும். ஒவ்வொரு சாவடியின் முடிவும் படிவம் 20இல் அச்சாகி வருகிறது. பல இயந்திரங்களை இணைத்து ஒரே தொகையாகக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையமே முன்மொழிந்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

விளைவு? நகரில் ஒரு சாவடிக்குச் சில சந்துகள், சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகள் சில. வார்டு வேலை பார்ப்பவருக்கு அந்தத் தாளைப் பார்த்தால் எந்தச் சால் கைவிட்டது என்று தெரியும். குழாயும் கழிப்பறையும் கேட்டு மாநகராட்சி உறுப்பினரான நகர்சேவக்கிடம் போகும்போது அந்தத் தாள் அவருக்கு முன்னே போய் நிற்கும். பணக்காரப் பகுதிக்கு இது பெரிய விஷயமில்லை. அவர்களுக்கு நகர்சேவக்கிடம் கேட்க ஒன்றுமில்லை. மாநகராட்சிக் குழாயை நம்பி வாழும் சிறுபான்மைக்கு ரகசிய வாக்கு பாதி ரகசியம்தான். இந்த உரையில் சொன்ன தாராவி முன்னிலைக் கணக்கு போன்றவையும் இந்த வெளிச்சத்தால்தான் நமக்குக் கிடைக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

7

கடைசியாக, வரைபடம். இதுவரை சொன்னது எல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: இந்த மக்கள் ஓரிடத்தில் செறிந்து இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஐந்து லட்சம் தமிழர் மாநிலமெங்கும் தூவப்பட்டிருந்தால், 48 மக்களவைத் தொகுதிகளில் ஒன்றில்கூட யாரும் அவர்களைத் தேடி வந்திருக்க மாட்டார்கள்.

தாராவியில் தகுதி பெறாதவர்களுக்கு வீடு கட்டத் தேடப்பட்ட இடங்களைப் பாருங்கள். கிழக்குப் புறநகரில் முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளின் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலம். தேவ்னார் குப்பைக் கிடங்கு. குர்லாவின் பால்பண்ணை நிலம். உப்பளமும் தேவ்னாரும் வடகிழக்கு மும்பை மக்களவைத் தொகுதியில் வருகின்றன. குர்லா வட மத்திய மும்பையில். ஒரே தொகுதிக்குள், அதுவும் தனித் தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஒரே சட்டமன்றப் பகுதிக்குள் குவிந்திருந்த வாக்கு மூன்றாகப் பிரியும். அது போதாதென்று, வரவிருக்கும் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதிச் சீரமைப்பும் காத்திருக்கிறது. 2008இல் மாட்டுங்கா தொகுதி மறைந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரியும்.

ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை. 2024இல் வட மத்திய மும்பையில் வர்ஷா கெய்க்வாட், பாஜகவின் உஜ்வல் நிகமை வென்ற வித்தியாசம் 16,514. வடகிழக்கில் சஞ்சய் தீனா பாட்டீல், பாஜகவின் மிஹிர் கோடேச்சாவை வென்றது 29,861இல். அடுத்துள்ள வடமேற்கில் ரவீந்திர வாய்க்கர் வென்றது 48 வாக்குகளில்! வித்தியாசம் இவ்வளவு மெல்லியதாக இருக்கும் நகரத்தில், தாராவியிலிருந்து பெயர்க்கப்படும் பத்தாயிரம் குடும்பங்கள் எந்தத் தொகுதியில் போய் இறங்கினாலும் அங்கே ஒரு முடிவை அசைக்க முடியும். அதற்கு அவர்கள் பெயர் புதிய முகவரியின் பட்டியலில் ஏற வேண்டும். பழைய பட்டியலிலிருந்து நீங்குவதற்கும் புதியதில் ஏறுவதற்கும் இடையே ஒரு தேர்தல் வந்து போய்விடக் கூடாது. இங்குள்ள சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் கச்சேரிக்கும் எடுத்துக்கொள்ளும் அக்கறையில் ஒரு பங்கை, முகவரி மாறுவோருக்கான எட்டாம் எண் படிவத்துக்கு ஒதுக்குமா என்பதை இந்த அவையிலேயே பேசலாம். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது.